வரவுப் பக்கம் மட்டும்

'எளிமையாகச் சொல்லுங்கள்' என்று யாராவது நம்மிடம் கேட்டால், கேட்பவர் யார், யார் பெயரைச் சொல்லிக் கேட்கிறார் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. 1959-ல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி அதில் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தபோது எழுந்த பெரிய கூச்சல் 'புரியவில்லை' என்பது. கூச்சலிட்டவர்களில் பலருக்குப் புரிந்துகொள்ளும் உத்தேசமே கிடையாது. பொதுஜனத்தின் பெயரைச் சொல்லித் தங்கள் சோம்பலைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பொதுஜனம் என்னவோ யாரிடமும் வந்து முறையிடவில்லை.

இந்தப் பழைய கதையை இழுக்கக் காரணம் உண்டு. அண்மையில் நண்பர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் — படித்தவர், நல்லவர், விஞ்ஞானத்தில் நிஜமான அக்கறை உள்ளவர் — சென்னையில் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்றார். காற்றில் கலந்துவிட்ட கார்பன்-டை-ஆக்ஸைடைத் திரும்ப எடுத்துப் புதைக்கும் முறைகள் வந்துவிட்டனவாம். கரிம நீக்கம் என்று பெயராம். இதை நம் ஜனங்களுக்கு எளிமையாக விளக்க ஆளில்லையாம். லண்டன் ஸயன்ஸ் மியூஸியத்தில் 2021-ல் வைத்ததுபோல் எழும்பூரிலோ கோட்டூர்புரத்திலோ ஒன்று வைத்தால், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை பஸ் வைத்துக் கூட்டி வந்து காட்டலாமாம். அந்தப் பிள்ளைகள் என் பக்கத்து ஊர்க்காரர்கள். திருநின்றவூர்க்காரன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதலில் லண்டன் விவகாரம். 2021 மே 19-ந் தேதி 'நம் எதிர்காலக் கிரகம்' என்று பொருள்படும் தலைப்பில் அந்தக் கண்காட்சி திறந்தது. நான் லண்டன் போனவனில்லை. மியூஸியத்தார் வெளியிட்டவை, எதிர்த்தவர்கள் எழுதியவை, படங்கள் இவற்றை வைத்தே பேசுகிறேன். மொழிபெயர்ப்பின் சுருக்கத்தைப் படித்துவிட்டு டால்ஸ்டாயை எடைபோடும் நம் விமர்சகர்களின் நிலைமையைவிட இது மோசமில்லை. காடுகள் கார்பனை எப்படி உள்வாங்குகின்றன என்பதிலிருந்து, காற்றை நேராக உறிஞ்சும் இயந்திரங்கள்வரை அதில் இருந்தன. நட்சத்திர அந்தஸ்து அரிஸோனா மாநிலப் பல்கலைக்கழகத்து கிளாஸ் லாக்னர் செய்த 'இயந்திர மர'த்துக்கு. வட்டத் தட்டுகளை மேல்மேலாக அடுக்கிய உயரமான தூண் அது. தட்டுகளில் உள்ள பொருள், காற்று வீசும்போது கார்பன்-டை-ஆக்ஸைடைப் பற்றிக்கொள்ளும். பிறகு தூண் மடங்கி அடியிலுள்ள பீப்பாய்க்குள் இறங்கும். பிடித்ததை அங்கே விடும். இதன் முன்மாதிரி ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு வந்தது அங்கேதான் முதல் தடவை.

கண்காட்சிக்குப் பணம் கொடுத்தது ஷெல் எண்ணெய்க் கம்பெனி. அந்த ஆண்டு ஜூலையில் சானல் 4 தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் வாசகத்தை வெளியிட்டது: கம்பெனியின் நற்பெயருக்குப் பங்கம் வரும் என்று எதிர்பார்க்கத்தக்க எதையும் மியூஸியம் சொல்லவோ செய்யவோ மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தது. உள்ளடக்கத்தில் ஷெல்லுக்குக் கையில்லை என்று மியூஸியத்தார் சொன்னார்கள். இருக்கலாம். கையே இல்லாமல் காரியம் நடப்பதுதான் ஸ்தாபனங்களின் விசேஷம்; நம் பரிசுக் கமிட்டிகளைக் கவனித்து வருபவர்களுக்கு இது புதிதில்லை. கண்காட்சி திறந்து ஒரு வாரம் கழித்து, மே 26-ந் தேதி, ஹேக் நகர நீதிமன்றம் ஷெல் தன் உமிழ்வை 2030-க்குள் 45 சதவிகிதம் குறைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. (2024 நவம்பரில் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.) நீக்கும் இயந்திரத்துக்கு அரங்கம் கட்டிக் கொடுத்தவர்கள், குறைக்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போனார்கள் — இந்தச் செய்திதான் அந்தக் கண்காட்சியின் மிகச் சிறந்த காட்சிப் பொருளாக இருந்திருக்கும். ஒப்பந்தம் இடம் கொடுக்காது.

ஆனால் ஷெல்லைத் திட்டிவிட்டு எழுந்து போவது எனக்கு உவப்பாயில்லை. பணம் கொடுத்தவன் கெட்டவன் என்று சொல்லி முடித்துவிட்டால், நல்லவன் பணத்தில் அதே கண்காட்சியை வைக்கலாம் என்றாகிவிடுகிறது. நண்பர் கேட்பதும் அதைத்தான். அரசாங்கப் பணத்தில் வைப்போம் என்கிறார். என் ஆட்சேபம் உருவத்தைப் பற்றியது.

கவிதையில் படிமம் என்று ஓயாமல் பேசியிருக்கிறோம். ஒரு படிமம் எப்போது பொய்யாகிறது? அது எடுத்துக்கொண்ட அனுபவத்தின் ஒரு பகுதியை ஒளியில் நிறுத்தி, மறு பகுதியை அந்த ஒளியாலேயே மறைக்கும்போது. இயந்திர மரம் அந்த ஜாதி. 'மரம்' என்ற சொல்லை ஏன் அங்கே வைத்தார்கள்? தட்டுத் தூணுக்கு இலை இல்லை, வேர் இல்லை, நிழல் இல்லை. வெட்டினால் வருத்தப்பட ஆளில்லை. அந்தச் சொல் மரத்திடமிருந்து அதன் நல்ல பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறது. லாக்னரைக் குறை சொல்லவில்லை. பல வருஷங்களாக இதில் உழைப்பவர். கார்பன்-டை-ஆக்ஸைடைச் சாக்கடைபோல், குப்பைபோல் கருத வேண்டும், போடுகிறவன்தான் அள்ளும் செலவை ஏற்க வேண்டும் என்று நேர்மையாகப் பேசுபவர். குப்பை வண்டி என்று அவர் இயந்திரத்துக்குப் பெயர் வைத்திருந்தால் கண்காட்சிக்குப் போன பிள்ளை உடனே அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கும்: குப்பை யாருடையது? மரம் என்றதும் கேள்வி நின்றுவிட்டது.

இது தற்செயல் இல்லை. கண்காட்சி என்ற உருவத்தின் வரலாற்றிலேயே இது கிடக்கிறது. 1851-ல் லண்டன் பளிங்கு மாளிகையில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது வாசலருகே 24 டன் எடையுள்ள ஒற்றை நிலக்கரிப் பாளத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நம்மூர் வாசலில் பிள்ளையார் மாதிரி. உள்ளே போனவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். அந்தப் பொருட்காட்சியின் லாபத்தில் வாங்கிய நிலத்தில்தான் தென் கென்ஸிங்டன் மியூஸியங்கள் எழுந்தன. இந்த ஸயன்ஸ் மியூஸியமும் அந்த வம்சம். நம் சென்னை அருங்காட்சியகமும் அதே 1851-ல் தொடங்கியதுதான். பாட்டன் நிலக்கரியைக் காட்டிக் கைதட்டு வாங்கினான்; பேரன் அதன் புகையைப் பிடிக்கும் கருவியைக் காட்டிக் கைதட்டு வாங்குகிறான். இடையில் கிடக்கும் 170 வருஷம் இரண்டு காட்சியிலும் இல்லை.

அளவையாவது சொன்னார்களா? அளவு தெரியாமல் இந்த விஷயத்தில் எதுவும் தெரிந்ததாகாது. காற்றின் பத்தாயிரம் மூலக்கூறுகளில் கார்பன்-டை-ஆக்ஸைடு நாலே கால் போல. தொழிற்புரட்சிக்கு முன் மூன்றுக்கும் கீழே. நிலக்கரி எரியும் புகைபோக்கியின் வாயிலோ பத்தாயிரத்தில் ஆயிரத்துக்கு மேல். ஒரு மூட்டை எள்ளை எண்ணூர் மணலில் வீசி இறைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்குவதற்குத்தான் காற்றிலிருந்து நேராகப் பிடித்தல் என்று பெயர். பொறுக்க முடியாது என்றில்லை, முடியும். அதற்கு மின்சாரமும் வெப்பமும் வேண்டும், பணம் வேண்டும், காலம் வேண்டும்.

ஐஸ்லாந்தில் 2024 மே மாதம் கிளைம்வொர்க்ஸ் கம்பெனி 'மாமத்' என்ற நிலையத்தை இயக்க ஆரம்பித்தது. அதற்கு முன் 2021-ல் தொடங்கிய 'ஓர்கா'வுக்கு ஆண்டுக்கு 4,000 டன் திறன். இதற்கு 36,000 டன். பிடித்த வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்திக் கல்லாக்குகிறார்கள். அழகான காரியம், சந்தேகமில்லை. சொல்லப்பட்ட திறன் 36,000. நடைமுறையில் அதற்கு வெகு கீழேதான். இருக்கட்டும், முழுசாகவே கொடுப்போம். நம் வள்ளூர் அனல் மின் நிலையம் 1,500 மெகாவாட். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன்-டை-ஆக்ஸைடு என்று வைத்துக்கொண்டால், முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 36,000 டன்னை ஒட்டி வருகிறது. ஐஸ்லாந்தில் ஒரு வருஷம் பொறுக்குவது வள்ளூரில் ஒரு நாள் இறைப்பது. வள்ளூர் ஒன்றுதானா அங்கே? பக்கத்தில் வடசென்னை அனல் நிலையம் முதல் கட்டம், இரண்டாம் கட்டம், 2024 மார்ச்சில் திறந்த 800 மெகாவாட் மூன்றாம் கட்டம்.

உலகக் கணக்குக்கு வருவோம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்டு எல்லாம் சேர்ந்து 2024-ல் 3,700 கோடி டன்னுக்கு மேல். வினாடிக்கு 1,200 டன்னை ஒட்டி. மாமத்தின் ஒரு வருஷ உழைப்பு உலகத்தின் அரை நிமிஷம். காடு வளர்ப்பை விட்டுவிட்டு, புதிய நீக்க முறைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஆண்டுக்கு 13 லட்சம் டன் என்று 2024-ல் வெளியான சர்வதேச அறிக்கை சொல்கிறது. அது பதினெட்டு நிமிஷம். திருநின்றவூரில் லோகல் ஏறி ஆவடியைத் தாண்டுவதற்குள் உலகம் அந்த வருஷத்து நீக்கம் முழுவதையும் அழித்துவிடுகிறது. இந்தப் பதினெட்டு நிமிஷத்தைப் பார்வையாளன் உடம்பில் உணரும்படி ஒரு அறை எந்தக் கண்காட்சியில் இருக்கிறது? வெறும் இருட்டறை, ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம் போதும். இயந்திர மரத்தைவிடச் செலவு குறைவு. வைக்கமாட்டார்கள்.

நான் பாங்கியில் குமாஸ்தா. பேரேடு கணிப்பொறிக்குள் போய்விட்டாலும் பற்றும் வரவும் அப்படியேதான் இருக்கின்றன. எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம்: ஒருத்தர் டெபாசிட்டை இன்னொருத்தர் கடனில் வரவு வைக்கக் கூடாது. மொத்தத்தில் தொகை சரியாக இருக்கிறதே என்று ஆடிட்டரிடம் சொன்னால் சிரிக்கமாட்டார், சஸ்பெண்ட் செய்வதற்கு எழுதிவிடுவார். 'நிகர பூஜ்யம்' என்ற சொற்றொடர் வந்ததிலிருந்து உலகம் பூராவும் இந்தக் காரியம்தான் பகிரங்கமாக நடக்கிறது. பற்று ஒரு ஊரில், வரவு வேறு ஊரில். பற்று இன்று, வரவு 2050-ல்; நம் தேசத்துக்கு 2070-ல் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் அறிவித்தாகிவிட்டது. 'நிகர' என்ற மூன்றெழுத்து செய்யும் வேலையை எந்தத் தமிழ்க் கவிஞனும் மூன்றெழுத்தில் செய்ததில்லை. கண்காட்சிக்காரர்கள் இந்தப் பேரேட்டின் வரவுப் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்து, கண்ணாடி போட்டு, விளக்குப் போட்டு மாட்டுகிறார்கள். மாட்டியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அதனால்தான் எதிர்ப்பது கஷ்டமாக இருக்கிறது. உமிழ்வைக் குறைப்பதற்கு இது மாற்றாகாது என்று லண்டன்காரர்களும் சொல்லத்தான் சொன்னார்கள். சிகரெட் பெட்டியிலும்தான் எழுதியிருக்கிறது.

என் ஊரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் பூசலார் கதை தெரிந்திருக்கும். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டுப் பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. மனசிலேயே கல் சேர்த்து, நாள் பார்த்து, அஸ்திவாரம் போட்டு, சிகரம் எழுப்பி, குளம் வெட்டி, மதில் வளைத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் தன் கற்கோயிலுக்குக் குறித்திருந்த பல்லவ ராஜாவின் கனவில் சிவன் வந்து, நான் நின்றவூருக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார் என்றார். ராஜா தேடி வந்து கேட்டால், அப்படி ஒரு கோயில் இங்கே இல்லையே என்றார்கள் ஊர்க்காரர்கள். இதைப் பெரியபுராணம் சொல்கிறது. 2070-க்கான நீக்க நிலையங்களும் மனக்கோயில்கள்தான் என்று கேலி செய்ய எனக்கு முதலில் தோன்றியது. பிறகு பூசலாருக்குச் செய்யும் அநியாயம் என்று பட்டது. அவரிடம் பணமில்லை, அதனால் மனசில் கட்டினார். இவர்களிடம் பணம் குவிந்துகிடக்கிறது. இன்னொன்று, பூசலார் கோயிலை ஈடு வைத்து யாரும் கடன் வாங்கவில்லை. வரப்போகும் நீக்கத்தை ஈடாகக் காட்டி இன்று புகைபோக்கி கட்டுவது வேறு சமாசாரம்.

இந்த இடத்தில் நண்பர் என்னை மடக்குவார்: தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறதே, தூத்துக்குடி ஆல்கலி ரசாயன ஆலையில் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடித்துச் சலவைச் சோடா செய்யும் திட்டத்தை 2017-ல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதினவே என்பார். எழுதின. கெட்டிக்கார இளைஞர்கள் செய்த நல்ல வேலை. ஆனால் அது நீக்கமே இல்லை. நிலக்கரி எரிந்து வெளியேறப் போனதைப் புகைபோக்கியில் பிடித்தார்கள். காற்றில் ஏற்கெனவே இருப்பதில் ஒரு டன்கூடக் குறையவில்லை, கூட இருந்ததில் கொஞ்சம் கூடாமல் போயிற்று. அந்தச் சோடா கண்ணாடி ஆலை உலைக்குப் போனால் பிடித்தது அங்கே திரும்ப வெளியே வந்துவிடும். பிடித்தல், பயன்படுத்தல், நீக்கல் — இந்த மூன்றும் வேறு வேறு. லண்டன் கண்காட்சி இவற்றை ஒரே கூரையின் கீழ் ஒரே பெயரில் வைத்தது. நம் பத்திரிகைகளும் 'கார்பனை ஒழிக்கும் ஆலை' என்ற தினுசில் எழுதித் தள்ளுகின்றன. எளிமைப்படுத்துவது என்றால் நடைமுறையில் இதுதான்: வேறுபட்டவற்றுக்கு ஒரே பெயர் வைப்பது.

அப்படியானால் நீக்கமே வேண்டாமா? வேண்டும். 2022-ல் சர்வதேசப் பருவநிலைக் குழு, விமானம், சிமெண்டு, விவசாயம் மாதிரி அறவே நிறுத்த முடியாத மிச்ச உமிழ்வுகளை ஈடுகட்ட நீக்கம் தவிர்க்க முடியாதது என்று எழுதிவிட்டது. ஆட்சேபிக்க எனக்குத் தகுதியும் இல்லை, காரணமும் இல்லை. சத்தீஸ்கரில் சிறு விவசாயிகளின் வயல்களில் பஸால்ட் கல்லைப் பொடித்துத் தூவுகிறார்கள், மழைநீரில் கரைந்துள்ள கார்பன்-டை-ஆக்ஸைடு கல்லோடு வினைபுரிந்து கரைந்தோடிக் கடலில் நீண்ட காலம் தங்கிவிடுகிறது, மண்ணுக்கும் சத்து. இதைச் செய்யும் மாட்டி கார்பன் என்ற அமைப்பு 2025 ஏப்ரலில் ஐந்து கோடி டாலர் எக்ஸ்பிரைஸ் பரிசு வாங்கியது. இந்த முறையில் எனக்குப் பிடித்தது, இதை மியூஸியத்தில் வைக்கவே முடியாது என்பது. ஒரு வயல், ஒரு மூட்டைப் பொடி, ஒரு மழை. காட்சிக்கு ஒன்றுமில்லை. எவ்வளவு நீக்கிற்று என்று அளப்பதுதான் இதில் கடினமான பகுதி, அந்தக் கணக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்காது. நீக்கம் அவசியமான காரியம் என்பதாலேயே அதைப் பற்றிய பொய் அதிக விலை பிடிக்கிறது. தேவையில்லாத மருந்துக்குக் கலப்படம் செய்தால் யாருக்கு நஷ்டம்?

பிள்ளைகளுக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டாமா என்றும் நண்பர் கேட்டார். இந்த நம்பிக்கை என்ற சரக்கை வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் ஐம்பது வருஷமாக விற்றுவந்தன. அதை எதிர்த்துத்தான் சிறு பத்திரிகைகள் தோன்றின என்பதை அவர் மறந்துவிட்டார்.

கண்காட்சியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் ஜில்லாவில் கண்காட்சி ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. மேற்கூரை இல்லை, அவ்வளவுதான். கொசஸ்தலை ஆற்றில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கருகில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. அந்த வட்டாரத்து அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் பூட் 1863-ல் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்தவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் நிறுவினார்கள். அதே ஆற்றோடு கீழே இறங்கி வந்தால் கடலுக்குச் சற்று முன் எண்ணூர்க் கழிமுகம். அங்கே இரண்டு அனல் நிலையங்கள், நிலக்கரி இறங்கும் துறைமுகம், சேப்பாக்கம் கிராமத்தை ஒட்டிச் சாம்பல் குட்டை, குழாய் கசிந்து ஆற்றில் படிந்த சாம்பல். ஆற்றின் ஒரு முனையில் மனிதன் கையில் எடுத்த முதல் கல், மறு முனையில் எரித்து முடித்த கடைசிக் கல். எந்தக் க்யூரேட்டரும் இப்படி அடுக்கியிருக்க முடியாது.

இன்னும் தெற்கே போக பஸ் இருந்தால் திருவக்கரை. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பட்டையின் வரிகூடத் தெரியும். ஆனால் அந்த மரங்களின் உடம்பிலிருந்த கார்பன் பெரும்பாலும் போய்விட்டது. அணு அணுவாய் மணற்சத்து வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து நெய்வேலி. 1957-ல் வெட்ட ஆரம்பித்த சுரங்கம். அங்கேயும் பழங்காட்டின் மரங்கள்தான். ஆனால் வடிவம் போய்விட்டது, கார்பன் தங்கிவிட்டது, பழுப்பு நிலக்கரியாக. ஒரு இடத்தில் உருவம் மிச்சம், உள்ளடக்கம் காலி. இன்னொரு இடத்தில் உள்ளடக்கம் மிச்சம், உருவம் காலி. (உருவம்-உள்ளடக்கம் என்று நாம் எழுதிக் குவித்த கட்டுரைகளைவிட இது தெளிவு.) கார்பன் நீக்கம் என்றால் என்ன என்று பிள்ளைக்கு நெய்வேலிச் சுரங்க விளிம்பில் நிறுத்திச் சொல்லலாம்: காடு காற்றிலிருந்து நீக்கியது இது, மண் அதைக் கோடி வருஷங்களாகப் பூட்டி வைத்திருந்தது, நாம் பூட்டை உடைத்து எழுபது வருஷம் ஆகவில்லை. தோண்டுவதை நிறுத்தினால், அதுவே பூட்டு. இதை நெய்வேலியில் விளக்கப் பலகையாக வைக்க எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

லண்டனுக்கும் எண்ணூருக்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு ஒரு தகவல். அதே ஸயன்ஸ் மியூஸியம் அடுத்தபடியாக எரிசக்திக்கென்று ஒரு நிரந்தரக் காட்சிக்கூடத்தை 2024 மார்ச்சில் திறந்தது. பெயரிலேயே அதானி கிரீன் எனர்ஜி இருக்கிறது. நிலக்கரி வியாபாரம் செய்யும் குழுமத்தின் பெயரை ஏற்க மனமில்லாமல் ஹன்னா ஃப்ரை, ஜோ ஃபாஸ்டர் இருவரும் 2021 அக்டோபரில் அறங்காவலர் பதவியை விட்டார்கள். அதே மாதம் முன்னாள் இயக்குநர் கிறிஸ் ராப்ளியும் எண்ணெய்க் கம்பெனிப் பணம் விஷயமாக ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். அதே குழுமம் 2018-ல் எங்கள் ஜில்லாவில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை வாங்கியது. 330 ஏக்கரை 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் போட்டது. பழவேற்காடு மீனவர்கள் எதிர்க்கிறார்கள். சட்டப்படி மக்கள் கருத்துக் கேட்பு நடத்த வேண்டும்; 2021 ஜனவரியில் நாள் குறித்துத் தள்ளிவைத்தார்கள், 2023 செப்டம்பரில் குறித்து மறுபடியும் தள்ளிவைத்தார்கள். பொதுமக்களுக்கு விஞ்ஞானத்தை விளக்க அவ்வளவு ஆசையுள்ளவர்கள் பொதுமக்கள் விளக்கும்போது கேட்க நாள் ஒதுக்க முடியாமல் இருக்கிறார்கள். அலையும் முகத்துவாரமும் இறாலும் பற்றி அந்தக் கூட்டங்களில் மேடையேறுகிறவனுக்குத் தெரிந்தது கொஞ்சமில்லை. அவனை 'விழிப்புணர்வு ஊட்டப்பட வேண்டியவன்' என்று அழைப்பது நம் படித்த வர்க்கத்தின் வியாதி.

'நீக்கம்' என்ற சொல்லுக்கே எங்கள் பக்கத்தில் வேறு அனுபவம் உண்டு. 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் நீர்நிலையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது அதிகாரிகள் கொடுத்த இன்னொரு வரைபடத்தில் அது இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, படகு போய்க்கொண்டிருக்கிறது, படத்தில் மட்டும் ஆறு இல்லை. அந்த வருஷம் ஜனவரியில் டி. எம். கிருஷ்ணா அதே கழிமுகத்தில் நின்று புறம்போக்கு என்ற சொல்லை வைத்து ஒரு பாட்டுப் பாடிப் படமாக்கினார். அனல் நிலையங்கள் பின்னால் தெரிய, கீழே சாம்பல். அது விளக்கவில்லை, காட்டிற்று.

நண்பர் கண்காட்சி வைப்பதானால் தடுக்கப் போவதில்லை. முதல் சுவரில் அந்த இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டட்டும். கீழே பலகை எழுத வேண்டாம். பஸ்ஸில் வரும் பிள்ளைகளில் காட்டுக்குப்பத்துப் பையன் ஒருவன் இருந்தால் போதும், மற்றவர்களுக்கு அவன் சொல்லிவிடுவான்.